நான்குவழிச் சாலை வருகிறது. தட்டுக்கு எத்தனை ரூபாய் மிஞ்சும்?

மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கிலோமீட்டர் சாலையை 2,157 கோடி ரூபாயில் நான்குவழிச் சாலையாக மாற்ற, 2025 ஆகஸ்ட் 8 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சாலை அகலமானால் வண்டிகள் கூடும், வண்டிகள் கூடினால் சாப்பிட ஆளும் கூடும் என்று நினைப்பது இயல்பு. மரக்காணம் உப்பளத்தைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் வரும் கிராமங்களில், முன்வாசலில் ஒரு கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை வைத்தால் என்ன என்ற யோசனை பல வீடுகளில் இருக்கும்.

இடையஞ்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். வானூர் வட்டத்தில், கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆரோவில்லை ஒட்டி இருக்கிற செம்மண் ஊர். முந்திரியும் சவுக்கும் மணிலாவும் விளைகிற பகுதி. சனி, ஞாயிறுகளில் ஆரோவில் பார்க்க வெளியூர் வண்டிகள் வந்துபோகின்றன. இப்படிப்பட்ட ஊரில் சொந்த நெல்லும் கேழ்வரகும் முருங்கையும் கையில் இருக்கும்போது, ஓட்டல் வைத்தால் லாபம் நிச்சயம் என்றே தோன்றும்.

அதற்காக நிலத்தையோ நகையையோ அடகு வைப்பதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பயிர் எவ்வளவு தரும் என்று ஏக்கர் கணக்குப் பார்ப்பதுபோல, எந்தப் பண்டம் எவ்வளவு தரும் என்று தட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். கல்லாவில் விழும் பணத்தை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

உழவு மாடு எது, புதிர் எது?

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசவானா, ஸ்மித் என்ற இருவர் 1982இல் இதற்கு ஓர் எளிய முறையைச் சொன்னார்கள். ஓட்டலில் உள்ள ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டே கேள்வி. ஒன்று, நன்றாக விற்கிறதா? இரண்டு, ஒரு தட்டு விற்றால் சரக்குச் செலவு போக எத்தனை ரூபாய் மிஞ்சுகிறது?

இரண்டிலும் தேறுவதற்கு 'விண்மீன்' என்று பெயர் வைத்தார்கள். நன்றாக விற்கும், ஆனால் மிச்சம் குறைவு என்றால் 'உழவுக் குதிரை'. அங்கே குதிரை பூட்டி உழுதார்கள். நாம் உழவு மாடு என்று வைத்துக்கொள்ளலாம். மிச்சம் அதிகம், வாங்குவோர் குறைவு என்றால் 'புதிர்'. இரண்டிலும் தேறாதது 'நாய்'.

இதை ஒரு சின்னக் கடையில் வைத்துப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்தவை; உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவரும் வேலை செய்கிறார்கள். உதவிக்கு ஓர் ஆள். மாதம் 26 நாள் கடை. ஐந்து பண்டங்கள். மாதத்தில் 1,000 தட்டு விற்கிறது.

1. சைவச் சாப்பாடு: விலை 90 ரூபாய், சரக்குச் செலவு 52, மிச்சம் 38. விற்றது 400 தட்டு. மொத்த மிச்சம் 15,200.
2. மீன் குழம்புச் சாப்பாடு: விலை 150, செலவு 80, மிச்சம் 70. விற்றது 220. மொத்தம் 15,400.
3. மசால் தோசை: விலை 60, செலவு 24, மிச்சம் 36. விற்றது 210. மொத்தம் 7,560.
4. கேழ்வரகு அடை: விலை 80, செலவு 22, மிச்சம் 58. விற்றது 90. மொத்தம் 5,220.
5. சப்பாத்தி குருமா: விலை 70, செலவு 38, மிச்சம் 32. விற்றது 80. மொத்தம் 2,560.

எல்லாம் சேர்த்து 45,940 ரூபாய். 1,000 தட்டால் வகுத்தால் தட்டுக்குச் சராசரியாக 46 ரூபாய் மிச்சம். இதற்கு மேல் தருவது நல்ல மிச்சம், கீழே தருவது குறைந்த மிச்சம்.

நன்றாக விற்கிறதா என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. ஐந்து பண்டமும் சமமாக விற்றால் ஒவ்வொன்றும் 20 சதவீதம். அதில் 70 சதவீதமாவது, அதாவது மொத்த விற்பனையில் 14 சதவீதமாவது எட்டினால் அது விற்கிற பண்டம். நம் கடையில் அது 140 தட்டு.

இப்போது பிரித்துப் பாருங்கள். மீன் குழம்புச் சாப்பாடு விண்மீன். சைவச் சாப்பாடும் மசால் தோசையும் உழவு மாடுகள். கேழ்வரகு அடை புதிர். சப்பாத்தி குருமா நாய்.

400 தட்டு போகிற சாப்பாட்டைவிட 220 தட்டு போகிற மீன் சாப்பாடு 200 ரூபாய் கூடுதலாகத் தந்திருப்பதைக் கவனியுங்கள். 'எது அதிகம் விற்கிறதோ அதுதான் கடையைத் தாங்குகிறது' என்ற எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

சதவீதம் ஏமாற்றும்

சரக்குச் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று ஓட்டல் தொழிலில் சொல்வார்கள். அதை மட்டும் நம்பினால் தவறான முடிவுக்குப் போவீர்கள். மசால் தோசையில் செலவு 40 சதவீதம். மீன் சாப்பாட்டில் 53 சதவீதம். சதவீதம் பார்த்தால் தோசைதான் நல்ல வியாபாரம். ஆனால் தோசை தருவது 36 ரூபாய், மீன் சாப்பாடு தருவது 70 ரூபாய். வாடகையையும் கூலியையும் சதவீதத்தால் கட்ட முடியாது. ரூபாயால்தான் கட்ட வேண்டும்.

சொந்த விளைச்சலுக்கும் விலை போடுங்கள்

ஓட்டல் வைக்கும் விவசாயி பெரும்பாலும் சறுக்குகிற இடம் இது. 'அரிசி நம் நிலத்தது, தேங்காய் நம் மரத்தது, செலவே இல்லை' என்று விட்டுவிடுகிறோம். அந்த அரிசியை வெளியே விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அதுதான் அதன் செலவு. அதை எழுதாவிட்டால், நிலம் சம்பாதித்த பணத்தை ஓட்டல் சம்பாதித்ததாகக் காட்டுவோம். உண்மையில் நிலம் ஓட்டலுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

கழிவையும் சேர்க்க வேண்டும். கிலோ 280 ரூபாய்க்கு மீன் வாங்கி, தலை, செதில், குடல் போக 700 கிராம்தான் குழம்புக்குத் தேறுகிறது என்றால், அந்த மீனின் விலை கிலோ 280 இல்லை, 400. கீரைக்கும் வாழைப்பூவுக்கும் இதே கணக்குத்தான். மாலையில் மிஞ்சிக் கொட்டிய சோறும் சாம்பாரும் அன்றைய செலவில் ஏற வேண்டும்.

இரண்டு பேர் உழைப்புக்கு என்ன கூலி?

45,940 ரூபாய் முழுவதும் லாபம் ஆகாது. இடத்துக்கு 8,000, உதவி ஆளுக்கு 12,000, கேஸ் சிலிண்டருக்கு 7,000, மின்சாரம், தண்ணீர், இதர வகைக்கு 3,000 என்று வைத்தால் 30,000 போய்விடும். சொந்த இடமாக இருந்தாலும் வாடகையை எழுதுங்கள். அந்த இடத்துக்கு வேறு வருமானம் வந்திருக்கும்.

மீதி 15,940 ரூபாய். இரண்டு பேர், 26 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 306 ரூபாய். தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டு நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். விடியற்காலை எழுந்து, இரவு பாத்திரம் கழுவி முடிக்கிற உழைப்புக்கு அதைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. கடன் வாங்கி மாதம் 7,000 ரூபாய் தவணை கட்டுவதாக இருந்தால், நாள் கூலி 172 ரூபாய்க்கு இறங்கிவிடும். ஆனாலும் கல்லாவில் தினமும் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் பணம் புழங்குவதால் வியாபாரம் நன்றாக நடப்பதாகவே தோன்றும்.

நான்கு வகைக்கும் நான்கு வைத்தியம்

விண்மீனை அதிகம் தொடாதீர்கள். மீன் குழம்பின் ருசியும் துண்டின் அளவும் மாறக் கூடாது. பலகையில் முதலில் எழுதுங்கள்.

உழவு மாட்டை விற்கக் கூடாது. தீனிச் செலவைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டில் சோற்றின் அளவைக் குறைத்தால் வருகிறவர் மறுநாள் வர மாட்டார். மலைக்காய்கறிகளான கேரட், பீன்ஸுக்குப் பதிலாக அந்தந்தப் பருவத்தில் உள்ளூரில் மலிவாகக் கிடைக்கும் சுரை, பூசணி, கத்தரி, முருங்கை, வாழைத்தண்டு என்று கூட்டு பொரியலை மாற்றினால் தட்டுக்கு 4 ரூபாய் குறையலாம். விலையை 5 ரூபாய் கூட்டி 95 ஆக்கினால் மிச்சம் 38லிருந்து 47 ஆகும். 400 தட்டுக்கு 3,600 ரூபாய் கூடும். விலை ஏறியதால் சிலர் வராமல் போகலாம். 324 தட்டு விற்றாலே பழைய மிச்சம் வந்துவிடும். அதற்குக் கீழே போனால் விலையை இறக்குங்கள்.

புதிரை விடுவிக்க வேண்டும். கேழ்வரகு அடையை ஏன் கேட்பதில்லை? பலகையில் கடைசியில் எழுதியிருக்கிறதா? காத்திருக்க நேரமாகிறதா? பரிமாறுகிறவர் வாயால் ஒரு முறை சொன்னால் போதுமா? தோசை கேட்பவர்களில் 60 பேரை அடைக்குத் திருப்பினால், தட்டுக்கு 22 ரூபாய் வீதம் 1,320 ரூபாய் கூடும்.

நாயை விரட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். சப்பாத்தியைத் தனியாக வந்து கேட்கிறார்களா, குடும்பமாக வந்தவர்களில் ஒருவர் கேட்கிறாரா? ஐந்து பேர் வருகிற குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்குச் சப்பாத்தி இல்லையென்றால் ஐந்து பேரும் அடுத்த கடைக்குப் போவார்கள். அப்படி இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அந்த 80 பேரில் பாதிப் பேர் தோசைக்கும் பாதிப் பேர் அடைக்கும் மாறினால், 2,560 ரூபாய் இருந்த இடத்தில் 3,760 வரும், 1,200 கூடும்.

மூன்றும் சேர்ந்தால் மாதம் 6,120 ரூபாய். நாள் கூலி 306லிருந்து 424 ஆகிறது. ஒரு தட்டும் கூடுதலாக விற்காமலே இவ்வளவு மாற்றம்.

தவணை 7,000 இருந்தால்? 424 என்பது 290 ஆகிவிடும். அந்த 336 ரூபாயை எட்ட நாளுக்கு இரண்டு தட்டு கூடுதலாக விற்றால் போதும். பண்டங்களைச் சீர்செய்யாத பழைய கடையென்றால் நாளுக்கு ஏழு தட்டு கூட வேண்டும். புதுச் சாலை அந்த இரண்டு தட்டைத் தரலாம். ஏழு தட்டையும் தரும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது. சாலை அகலமானால் வண்டிகள் நிற்காமல் வேகமாகப் போய்விடவும் வாய்ப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கூட்ட நேரத்தில் கணக்கு மாறும்

அடை 58 ரூபாய் தருகிறது, தோசை 36தான் தருகிறது என்று ஞாயிறு மதியமும் அடையையே தள்ளினால் நஷ்டம். உங்களிடம் இருப்பது ஒரே தோசைக்கல். தோசைக்கு 3 நிமிடம், அடைக்கு 6 நிமிடம் என்றால், தோசை நிமிடத்துக்கு 12 ரூபாய் தருகிறது. அடை தருவது 10 ரூபாய்க்கும் குறைவு. ஆள் வரிசையில் நிற்கும்போது கல்லின் ஒவ்வொரு நிமிடமும் காசு. கல் சும்மா கிடக்கிற வாரநாள் மாலையில் ஒவ்வொரு தட்டின் மிச்சமும் முக்கியம். எனவே அடையை வாரநாளில் விற்றுக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் சாப்பாட்டையும் மீன் குழம்பையும் முன் வையுங்கள். அவை முன்பே சமைத்தவை, பரிமாற ஒரு நிமிடம் போதும்.

பண்டங்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே ஒரு லாபம். பக்கத்து ஆரோவில்லில் 1997இல் கட்டிய சோலார் கிச்சன் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு மதிய உணவு சமைக்கிறது. கூரையில் 15 மீட்டர் அகலமுள்ள கிண்ணம் வெயிலைக் குவித்து நீராவி தருகிறது. அங்கே பலகை நிறையப் பண்டம் கிடையாது; அன்றைய சமையல்தான் சாப்பாடு. அந்தக் கிண்ணத்தை நாம் கட்ட முடியாது. ஆனால் குறைந்த பண்டம், நிறையத் தட்டு என்ற வழியைச் சின்னக் கடையும் பின்பற்றலாம். இருபது பண்டம் எழுதிவைத்தால் இருபதுக்கும் சரக்கு வாங்கி வைக்க வேண்டும். விற்காதது அழுகும்.

தடைக்காலம், மழைக்காலம்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறும். மீன் சாப்பாட்டின் செலவு 80லிருந்து 115 ஆனால் மிச்சம் 35. விண்மீன் உழவு மாடாகிவிட்டது. மாதம் 7,700 ரூபாய் குறையும். பழைய கடையில் நாள் கூலி 158 ரூபாய்.

இந்த இரண்டு மாதத்துக்கு முன்பே திட்டம் வேண்டும். உப்பளம் இருக்கிற கரையில் கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. தடை தொடங்கும் முன் வாங்கி வைத்தால் கருவாட்டுக் குழம்புச் சாப்பாடு அந்த இடத்தை நிரப்பும். பலகையில் பெயின்டால் எழுதாமல் சாக்பீஸால் எழுதுங்கள். விலையையும் பண்டத்தையும் மாற்ற வசதி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. வட இந்தியாவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் சிலவற்றில் தக்காளி வைப்பதையே நிறுத்தினார்கள். பெரிய கடையே மாற்றுகிறபோது நாம் மாற்றத் தயங்க வேண்டியதில்லை.

மழைக்காலத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தப் பகுதி பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதமும் 1,000 தட்டு விற்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்கினால், வெளியூர் வண்டி வராத மாதத்தில் தவணை நிற்கும்.

கடை வைக்காதவர்களுக்கும் இது உதவும்

நீங்கள் ஓட்டல்களுக்குக் காய், தானியம் கொடுப்பவராக இருந்தால், உங்கள் சரக்கு எந்தப் பண்டத்துக்குள் போகிறது என்று பாருங்கள். முருங்கை, கத்தரி சைவச் சாப்பாட்டுக்குள் போகிறது. அங்கே தட்டுக்கு 3 ரூபாய் செலவு கூடினாலும் முதலாளிக்கு மாதம் 1,200 ரூபாய் இடிக்கும்; அதனால்தான் பேரம் பேசுகிறார். கேழ்வரகு அடையில் 3 ரூபாய் கூடினாலும் அவருக்கு 55 ரூபாய் மிச்சம் இருக்கிறது. அளவு குறைவாக எடுத்தாலும், நல்ல விலை கேட்க இடமிருப்பது அங்கேதான். கல் நீக்கிச் சுத்தம் செய்து, மாவாக அரைத்து, வாராவாரம் ஒரே தரத்தில் கொடுத்தால் அந்த விலை நிலைக்கும்.

கையெழுத்துப் போடும் முன்

கடனுக்குப் போவதற்கு முன் ஒரு மாதம் சிறிய அளவில் நடத்திப் பாருங்கள். வீட்டு முன்வாசலில், சனி, ஞாயிறு மட்டுமானாலும் சரி, ஐந்து பண்டத்துக்கு மேல் வேண்டாம். சிறிய கடையானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு தராசு, ஒரு நோட்டு வாங்குங்கள். ஒவ்வொரு பண்டத்துக்கும் பத்துத் தட்டுக்கான சரக்கை நிறுத்து, சந்தை விலை போட்டு, பத்தால் வகுங்கள். தினமும் எத்தனை தட்டு விற்றது, எவ்வளவு கொட்டினோம் என்று எழுதுங்கள். வீட்டில் அடுப்பு வேலை பார்க்கிறவர் பெயரிலும் ஒரு கூலி எழுதுங்கள். பல வீடுகளில் அந்த உழைப்புத்தான் கணக்கில் வராமல் போகிறது.

மாதக் கடைசியில் சராசரி மிச்சத்தைப் பார்த்து நான்கு வகையாகப் பிரியுங்கள். தவணையும் வாடகையும் போக, வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் நாள் கூலி எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். அது வெளியே கிடைக்கிற கூலியைத் தாண்டினால் கொட்டகையைப் பெரிதாக்கலாம். தாண்டாவிட்டால் பண்டத்தை மாற்றி இன்னொரு மாதம் நடத்திப் பாருங்கள். அதுவரை நிலப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.